ஏற்றத்தில் ஏசி கூடாது

சஞ்சீவனியின் மொரிஸ் மைனருக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. அதை யாராவது குறை சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "என் புருஷனச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். வண்டியச் சொல்லாதீங்க" என்பாள். புருஷன் கஜேந்திரன் மாநகரசபையில் கிளார்க். இதைப் பலமுறை காதாரக் கேட்டும் அவர் வருத்தப்பட்டதில்லை. வீட்டில் யாருக்கு எந்த இடம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

அந்தக் காரை வைத்துத்தான் சஞ்சீவனி கண்டி மஹியாவையில் பெண்களுக்கு வாகனம் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தாள். கூரையில் சிவப்பு 'எல்' பலகை, இடப்பக்கத்தில் அவள் காலுக்கென்று தனியாக ஒரு பிரேக். கியர் போட்டால் கரகரவென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பழகியவர்கள் பிறகு எந்த வண்டியையும் ஓட்டுவார்கள் என்பது அவளுடைய கொள்கை. பதினொரு வருடங்களில் நூற்றுக்கு மேற்பட்ட பெண்கள் அவளிடம் பழகி அனுமதிப்பத்திரம் வாங்கியிருந்தார்கள்.

எல்லாம் சரிதான். வெக்கைதான் சரியில்லை.

கண்டி குளிர் என்று சொல்கிறவர்கள் மார்ச் மாதத்துப் பகல் பதினொரு மணிக்கு, கண்ணாடி ஏற்றிய மொரிஸ் மைனருக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிறகு வாயைத் திறக்க மாட்டார்கள். கண்ணாடியை இறக்கலாமே என்பீர்கள். இறக்கினால் காற்று மட்டுமா வரும்? முச்சக்கரவண்டித் தரிப்பிடத்துப் பையன்களின் வாயும் சேர்ந்து வரும். "ஆன்ட்டி, பிரேக் மத்தப் பக்கம்!", "ஓரமா போங்கடா, உம்மா வாறா!" உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. கார்க் கண்ணாடியையாவது மூடுவோம் என்று பெண்கள் மூடிக்கொண்டார்கள். மூடியவர்கள் வெந்தார்கள். பேராதனை வீதியில் ஏசி காரோடு புதிதாக ஒரு பயிற்சிப் பாடசாலை திறந்ததும், ஒவ்வொருவராக அங்கே கழன்றுகொண்டார்கள்.

கடைசியில் மிஞ்சியது பாயிஸா ஒருத்திதான்.

பாயிஸாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. முதல்நாள் சஞ்சீவனி அவளை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டபோது முகம் சுருங்கிவிட்டது. "ரோட்டுல போறவனெல்லாம் அப்பிடித்தான் கூப்பிடுறான். நீங்க தாத்தா எண்டு கூப்பிடுங்க மிஸ்" என்றாள். கண்டி முஸ்லிம் வீடுகளில் அக்காவைத் தாத்தா என்பார்கள். சஞ்சீவனியின் வீட்டிலோ தாத்தா என்றால் அப்பாவின் அப்பா, மீசை வைத்த மனிதர். முதல் வாரம் அவள் நாக்கு புரள மறுத்தது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது. மூன்றாம் வாரத்தில் வீட்டில் "இன்னிக்குத் தாத்தா கிளட்ச நல்லா விட்டாங்க" என்று சொல்லி, கஜேந்திரனுக்குப் புரையேற வைத்தாள்.

சாரதி அனுமதிக்கான ஓட்டப் பரீட்சையை இங்கே எல்லாரும் ட்ரையல் என்பார்கள். பாயிஸா இரண்டு ட்ரையலில் தோற்றிருந்தாள். முதல் தடவை கண்ணாடி திறந்திருந்தது. ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது யாரோ சிரித்தார்கள், இன்ஜின் நின்றுபோனது. இரண்டாவது தடவை கண்ணாடியை மூடிக்கொண்டாள். வியர்வையில் மூக்குக்கண்ணாடி பனி பிடித்து, எதிரே வந்த பஸ் தெரியாமல் போனது. பரீட்சை அதிகாரி தாமே பிரேக்கை மிதித்துவிட்டு இறங்கிப் போனார்.

அன்று கெட்டம்பே மைதானத்துப் பக்கம் பழகிக்கொண்டிருந்தபோது, பாயிஸா காரை மரநிழலில் ஓரமாக நிறுத்தினாள்.

"மிஸ், ஒண்டு செல்லணும். கோவிக்கப்படாது."

"சொல்லுங்க தாத்தா."

"நான் அந்தப் புதுப் பாடசாலைக்குப் போய்ப் பாத்தன்."

சஞ்சீவனிக்குச் சுருக்கென்றது. காட்டிக்கொள்ளவில்லை.

"ஏசி நல்லாத்தான் ஈக்கி. ஆனா பழக்குறது எல்லாம் ஆம்பிளைகள். பக்கத்துல உக்கார வச்சி எனக்கு ஓட்ட ஏலா." பாயிஸா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, தலையை மூடிய ஷோலின் நுனியால் துடைத்தாள். "இதுலயும் ஏலா, அதுலயும் ஏலா. விட்டுருவம் எண்டு நினைக்கிறன். அவர் வேன விக்க ஆள் பாக்கிறார்."

அவர் என்றால் மஹ்மூத், பாயிஸாவின் கணவர். வத்தேகம சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருப்பவர். சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்ணைத் தின்றுவிட்டது. இனி ஸ்டீயரிங்கைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லி ஒரு வருடம் ஆகப்போகிறது. வேன் முற்றத்தில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்க, பாயிஸா பஸ்ஸில் லீக்ஸ் மூட்டையோடு ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். வேன் போனால் கொஞ்ச நாளில் கடையும் போகும். கடை போனால் அந்த மனிதர் கதிரையில் உட்கார்ந்தபடியே கரைந்துபோவார். அதற்குத்தான் பாயிஸா பயந்தாள். பழகுநர் அனுமதி முடிய இன்னும் ஆறு வாரம் இருந்தது, ஒரேயொரு ட்ரையல் மிஞ்சியிருந்தது. அதுவும் போனால் எழுத்துப் பரீட்சையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். அதற்குத் தன் உடம்பிலும் மனதிலும் தெம்பில்லை என்று பாயிஸா முன்பே சொல்லியிருந்தாள்.

"ஏசி தானே?" என்றாள் சஞ்சீவனி. "போட்டா போச்சு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்பார்கள். அவள் தலையையே விட்டுவிட்டாள்.

வீட்டில் கஜேந்திரன் சாப்பாட்டை விட்டுவிட்டுச் சிரித்தார். "அந்தக் கிழவிக்கா ஏசி? அப்புறம் மூக்குத்தி கேக்கும்."

"சிரிங்க. வெள்ளிக்கிழமை கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டு போறேன்."

"அந்த வண்டியில ஒரு ஸ்குருவை மாத்தினாலே ரெண்டு நாள் பேச மாட்டியே நீ. இப்ப என்னா?"

தன் கையால் பழகிய ஒருத்தி பஸ்ஸில் மூட்டையோடு நிற்பதை நினைத்தால் சஞ்சீவனிக்கு மனம் பொறுக்கவில்லை. அதைப் புருஷனிடம் விளக்குவதைவிட ரசத்தை ஊற்றுவது சுலபம். ஊற்றினாள்.

கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி இப்திகாரின் வேலைத்தளம் இருந்தது. பதினெட்டு வருடமாக ஜப்பான் கார்களுக்கும் வேன்களுக்கும் ஏசி பார்க்கிறவர். கையைக் குளிர்க்காற்றில் ஒரு நொடி நீட்டியே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார் என்று பெயர். சஞ்சீவனி காரோடு போனபோது அன்றைய பாடத்துக்கு வந்த பாயிஸாவும் கூடவே இருந்தாள். இப்திகார் காரை இரண்டு சுற்றுச் சுற்றினார். பானட்டைத் திறந்தார், மூடினார்.

"மிஸ், இதுக்கு ஏசி போடுறது எறும்புட முதுகுல அரிசி மூட்டை ஏத்துற மாதிரி."

"ஏறாதா நானா?" முஸ்லிம் வீடுகளில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"மூட்டை ஏறும். எறும்பு எங்க போகும்?"

ஆனால் வேலை தெரிந்தவனுக்கு ஏலாது என்று சொல்லத்தான் ஏலாது. பேசப்பேச அவர் கண்ணிலேயே ஆசை வந்துவிட்டது. சின்ன இந்தியக் காரின் கம்ப்ரசர் ஒன்று கிடக்கிறது, அதை இன்ஜினுக்குப் பக்கத்தில் பெல்ட் போட்டுச் சுற்ற வைக்கலாம். டாஷ்போர்டுக்குக் கீழே குளிர்ப்பெட்டி. முன்னால் ரேடியேட்டருக்கு எதிரே, சூட்டை வெளியேற்றும் வலையும் அதற்கொரு மின்விசிறியும். பழைய டைனமோ என்பதால் முன் லைட்டையும் ஏசியையும் ஒன்றாகப் போட ஏலாது. பகலில் ஓடலாம்.

"டாஷ்போர்டுல ஓட்டை போடக் கூடாது" என்றாள் சஞ்சீவனி.

"போடல்ல."

"ஒரு தகடும் வெட்டக் கூடாது."

"வெட்டல்ல மிஸ். ஒங்கட பிள்ளைய ஆஸ்பத்திரில விட்டுட்டுப் போற மாதிரிப் பேசாதீங்க."

சாவியைக் கொடுக்கும்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க நானா. தாத்தா சொல்லுவாங்க, இந்த வண்டிக்கு எல்லாமே தலைகீழ்னு."

அவள் சொன்னது, புசல்லாவையில் கராஜ் வைத்திருந்து இந்தக் காரை அவளுக்கு விட்டுப்போன மீசைத் தாத்தாவை. இப்திகார் திரும்பிப் பார்த்ததோ, முன்சீட்டில் உட்கார்ந்து போத்தல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த பாயிஸாவை. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் சஞ்சீவனி அவளிடம், "தாத்தா, தண்ணி குடிங்க" என்று சொல்லியிருந்தாள். இப்திகார் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

"அதெல்லாம் பழகினா சரியாப் போகும் மிஸ்."

அவர் அவ்வளவு நிம்மதியாகச் சொன்னதும், விஷயம் தெரிந்த மனிதர் என்று சஞ்சீவனியும் நிம்மதியாகிவிட்டாள்.

எட்டாம் நாள் கார் வந்தது. டாஷ்போர்டில் ஒரு கீறல் இல்லை. கீழே கறுப்புப் பெட்டி ஒன்று அடக்கமாகத் தொங்கியது. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சுவிட்ச். சஞ்சீவனி அதைத் தட்டினாள். உள்ளே ஏதோ உருமியது. பெட்டியின் வாய்க்கருகே கையை நீட்டிப் பார்த்தாள். வந்தது காற்றுத்தான், காய்ச்சல்காரன் மூச்சு மாதிரிக் கொஞ்சமாக வந்தது.

"ஓடினா கூடும்" என்று சொல்லி வைத்திருந்தார் இப்திகார்.

அன்று பிற்பகலே ஹந்தானைப் பாதையில் பாயிஸாவை ஏற்றிக்கொண்டு புறப்பட்டாள். கண்ணாடிகள் மூடியிருந்தன. தேயிலை தொடங்கும் வளைவு வரை வண்டி எப்படியோ வந்தது. அதற்கு மேல் முனகத் தொடங்கியது. பாயிஸா இரண்டாம் கியரைப் போட்டாள். பிறகு முதலாம் கியரைப் போட்டாள். பானட்டின் இரு ஓரத்திலும் வெள்ளைப் புகை மாதிரி ஒன்று கிளம்பியது.

"அல்லாஹ்வே! நெருப்பு!"

"நெருப்பில்ல தாத்தா, ஆவி. நிப்பாட்டுங்க."

ரேடியேட்டர் பொங்கிக்கொண்டிருந்தது. பதினொரு வருடத்தில் ஒருநாளும் இந்த வண்டி ஏற்றத்தில் பொங்கியதில்லை. சஞ்சீவனிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. ஆசைப்பட்டுப் போட்ட ஏசி குளிரவும் இல்லை, நன்றாக ஓடிய வண்டியும் படுத்துவிட்டது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். இப்திகாருக்குத் தொலைபேசி எடுத்து, தன் வாயில் இதுவரை வராத சில சொற்களைச் சொன்னாள்.

திரும்பிப் பார்த்தால் பாயிஸா பாதையோரக் கல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"என்னாலதான் மிஸ். நான் தொட்டா எதுவும் வெளங்காது. இண்டைக்கே அவர்ட்டச் செல்லுறன். வேன விக்கட்டும்."

"வண்டி பொங்குறதுக்கும் நீங்க ஓட்டுறதுக்கும் என்ன தாத்தா சம்பந்தம்?"

"ரெண்டு தரம் ஏத்தத்துலதான் தோத்தேன். இப்பவும் ஏத்தம்தானே. நெத்தியில எழுதியிருக்கி."

சஞ்சீவனி பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவளுடைய கை பாயிஸாவின் தோளில் இருந்தது. கீழே கண்டி நகரம் முழுவதும் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

முக்கால் மணி நேரத்தில் இப்திகார் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். இன்ஜின் ஆறியிருந்தது. தண்ணீர் ஊற்றினார், பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், குழாய்களைத் தடவிப் பார்த்தார். எல்லாம் சரியாகவே இருந்தது. முகம் தொங்கிவிட்டது.

"மிஸ், உண்மையச் செல்லுறன். நான் அண்டைக்கே செல்லினேன். எறும்பால ஏலா. நாளைக்குக் கழட்டித் தாறன்."

"ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஏசியப் போடுங்க. நான் பாக்கணும்."

இப்திகார் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பிச் சுவிட்சைத் தட்டினார். முன்னால் மின்விசிறி சுழலத் தொடங்கியது. பாயிஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றாள், என்னதான் நடக்கிறதென்று பார்க்க. அவளுடைய கறுப்பு ஷோலின் நுனி காற்றில் எழுந்து அவள் முகத்திலேயே அடித்தது. அவள் அதை இழுத்து விட்டாள். மறுபடி எழுந்து அடித்தது.

சஞ்சீவனி அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். தேயிலைச் செடிகளைப் பார்த்தாள். ஒரு இலை அசையவில்லை. காற்று மலையிலிருந்து வரவில்லை, காரின் முகத்திலிருந்து வந்தது. வெளிக்காற்றை உள்ளே இழுத்து ரேடியேட்டரை ஆற்ற வேண்டிய விசிறி, உள்ளே இருக்கிற சூட்டை வெளியே ஊதிக்கொண்டிருந்தது.

"நானா! இந்தக் காத்தாடி எதிர்ப்பக்கமா சுத்துது!"

இப்திகார் இறங்கி வந்து கையை நீட்டிப் பார்த்தார். பேயறைந்த மாதிரி நின்றார்.

"இது எப்பிடி?"

"எப்பிடியா? நான் சாவி குடுக்கக்குள்ளயே சொன்னேனே! தாத்தா சொல்லுவாங்க, இந்த வண்டிக்கு எல்லாமே தலைகீழ்னு!"

"தாத்தா செல்லினதுதானே மிஸ்" என்று இப்திகார் பாயிஸாவைக் கையால் காட்டினார். "பழகுறவங்க, பாவம், அப்பிடித்தானே செல்லுவாங்க எண்டு நான்..."

"நான் செல்லினேனா? எப்ப?" என்றாள் பாயிஸா.

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். முதலில் விளங்கியது சஞ்சீவனிக்குத்தான்.

"ஐயோ நானா, ஒங்க தாத்தா இல்ல, எங்க தாத்தா! எங்கப்பாவோட அப்பா! புசல்லாவையில நாப்பது வருஷம் கராஜ் வச்சிருந்தவரு!"

"ஆம்பிளையா?" என்றார் இப்திகார் பரிதாபமாக.

"மீசையோட!"

இப்திகார் பானட்டுக்குள் தலையை விட்டு பற்றரியைப் பார்த்தார். பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டார். இப்போதைய கார்களில் பற்றரியின் மைனஸ் முனையைத்தான் காரின் தகட்டோடு இணைத்திருப்பார்கள். இந்தப் பழைய இங்கிலீஷ் வண்டியில் பிளஸ் முனை தகட்டில் இருந்தது. பதினெட்டு வருடமாகக் கறுப்பு வயரைத் தகட்டுக்கும் சிவப்பு வயரை பியூஸுக்கும் கொடுத்துப் பழகிய கை, யோசிக்காமல் அதையே செய்திருந்தது. அதனால் மின்சாரம் தலைகீழாகப் பாய்ந்து, முன்விசிறியும் எதிர்ப்பக்கம் சுழன்றது, உள்ளே காற்றை ஊதும் விசிறியும் எதிர்ப்பக்கம் சுழன்றது.

"அந்த மனுசன் செல்லினது எண்டு தெரிஞ்சிருந்தா அப்பவே பாத்திருப்பன் மிஸ்" என்றார், தலையை வெளியே எடுக்காமலே.

சஞ்சீவனி இடுப்பில் கை வைத்தாள். "அப்ப இந்தத் தாத்தா சொல்லியிருந்தா பாக்க மாட்டீங்க?"

பானட்டுக்குள் அவர் தலை இன்னும் கீழே போனது. காதுமடல் சிவந்திருந்தது. பாயிஸா ஷோலால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். அழுத கண்ணீர் காயாமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பு சஞ்சீவனிக்கும் தொற்றிக்கொண்டது. கடைசியில் இப்திகாரும், வேறு வழியில்லாமல், பானட்டுக்குள் இருந்தபடியே சிரித்தார்.

வயர்களை மாற்றிக் கொடுக்க ஐந்து நிமிடம் கூட எடுக்கவில்லை. சுவிட்சைத் தட்டியதும் உள்ளே குபுகுபுவென்று குளிர் கொட்டியது. பாயிஸாவின் மூக்குக்கண்ணாடி மறுபடியும் பனி பிடித்தது, இந்தமுறை குளிரில்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றாள் பாயிஸா. "நுவரெலியா வந்துட்டு மிஸ்!"

"ஒண்டு கேளுங்க" என்றார் இப்திகார், இந்தத் தடவை பாயிஸாவின் முகத்தைப் பார்த்தே. "இன்ஜின் சின்னன். சமதரையில ஏசி போட்டு ஓடுங்க. ஏத்தம் வந்தா சுவிட்ச அமத்திப் போடுங்க. இல்லாட்டி இழுக்காது, நிண்டுரும். ஏறி முடிஞ்சா திரும்பப் போடலாம். வெளங்கிச்சா தாத்தா?"

"வெளங்கிச்சு தம்பி."

அதற்குப் பிறகு நாலு வாரம் தினமும் பாடம். கண்ணாடிகள் மூடியிருந்தன. உள்ளே குளிர், வெளியே ஊர். தரிப்பிடத்துப் பையன்கள் வாயசைப்பது தெரிந்தது, வார்த்தை கேட்கவில்லை. வார்த்தை கேட்காவிட்டால் அவர்கள் வெறும் பையன்கள்தான் என்று பாயிஸா கண்டுபிடித்தாள். அவள் தோள்கள் மெல்லத் தளர்ந்தன. ஸ்டீயரிங்கைக் கழுத்தை நெரிக்கிற மாதிரிப் பிடித்த கை, ரொட்டி மாவைப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கப் பழகியது. ரிவேஸ் எடுத்தாள். பஸ்ஸுக்குப் பின்னால் பொறுமையாகப் போனாள். ஒருநாள் பஸ்ஸையே முந்தினாள். முந்திவிட்டு, "மன்னிச்சுக்கோ மகன்" என்று அந்த பஸ் சாரதிக்குக் கேட்காத மன்னிப்பொன்றும் சொன்னாள்.

சுவிட்ச்தான் அடிக்கடி மறந்தது. ஏற்றத்தில் வண்டி குலுங்கி நிற்கும். அப்போதெல்லாம் சஞ்சீவனி வாய்ப்பாடு கேட்கிற மாதிரிக் கேட்பாள்.

"ஏத்தம் வந்தா மொதல்ல என்ன தாத்தா?"

"சுவிட்ச்."

"அப்புறம்?"

"கியர். பிறகு ஹேண்ட்பிரேக். பிறகு பிஸ்மில்லாஹ்."

"அத மொதல்லயே சொல்லிருங்க."

ஏசி கார் என்று கேள்விப்பட்டு, பழைய மாணவி றிஸானா தன் தங்கையைக் கூட்டிக்கொண்டு வந்து விசாரித்துப் போனாள். இன்னும் இரண்டு பேர் தொலைபேசியில் கேட்டார்கள். சஞ்சீவனி எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள். "பாயிஸா தாத்தாட ட்ரையல் முடியட்டும்." அந்த ட்ரையல் போனால் வேறு யாருக்கும் பழக்கிக் கொடுக்கத் தனக்கு மனம் வராது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

ட்ரையல் அன்று காலை பத்தரைக்கே வெயில் தலையைப் பிளந்தது. பரீட்சை அதிகாரி ஒரு சிங்கள மனிதர், தொப்பி போட்டவர், சிரிப்பதற்கும் அனுமதிப்பத்திரம் தேவை என்று நினைப்பவர் போல இருந்தார். சஞ்சீவனியின் இடத்தில் அவர் ஏறி உட்கார்ந்தார். குளிர் முகத்தில் பட்டதும் ஒருமுறை டாஷ்போர்டைக் குனிந்து பார்த்தார். கதவு மூடியது.

சஞ்சீவனி பாதையோரத்தில் நின்றாள். பதினொரு வருடத்தில் நூறு தடவை இப்படி நின்றிருக்கிறாள். ஒருநாளும் இப்படிக் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றதில்லை.

கார் சந்தியைத் தாண்டியது. சுற்றுவட்டத்தில் திரும்பி வந்தது. கடைசியில் ஏற்றப் பாதைக்குத் திரும்பியது. அந்த ஏற்றத்தின் நடுவில்தான் முச்சக்கரவண்டித் தரிப்பிடம் இருக்கிறது. அங்கேதான் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள். வண்டி நின்றது. பின்னால் இரண்டு முச்சக்கரவண்டிகளும் ஒரு லொறியும் வந்து சேர்ந்தன.

சுவிட்ச், என்று சஞ்சீவனியின் உதடு முணுமுணுத்தது. தாத்தா, சுவிட்ச்.

வண்டி அசையவில்லை. லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். தரிப்பிடத்தில் இருந்த ஒருவன் எழுந்து நின்று ஏதோ கத்தினான், மற்றவர்கள் சிரித்தார்கள். சஞ்சீவனி கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், மூட முடியவில்லை.

அப்போது சாரதிப் பக்கத்துக் கண்ணாடி இறங்கத் தொடங்கியது. பழைய வண்டி, கைப்பிடியைச் சுற்றித்தான் இறக்க வேண்டும். கால்வாசி இறங்கியது, அரைவாசி இறங்கியது, முழுவதும் இறங்கியது. ஊர் வாய் முழுவதும் இப்போது உள்ளே போகுமே. கறுப்புச் சட்டை போட்ட கை ஒன்று வெளியே நீண்டது. உள்ளங்கையைப் பின்பக்கம் காட்டி, லொறிக்காரனுக்கும் தரிப்பிடத்துக்கும் சேர்த்து ஒரே சைகை காட்டியது. பொறு, என்றது அந்தக் கை. கெஞ்சலாக இல்லை. சந்தையில் விலை பேசி முடித்தவள் காட்டுகிற மாதிரி இருந்தது.

ஹோர்ன் நின்றது. கை உள்ளே போனது. மொரிஸ் மைனர் ஒரு விரலளவும் பின்னால் உருளாமல், தன் பழைய கரகரப்போடு மேலே ஏறி வளைவில் மறைந்தது.

திரும்பி வந்தபோதும் கண்ணாடி திறந்தேதான் இருந்தது. அதிகாரி இறங்கி, கடதாசியில் கையெழுத்துப் போட்டு, தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே போனார். பாயிஸா இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"தாத்தா?"

"பாஸ்" என்றாள் பாயிஸா. சொல்லிவிட்டு, யாராவது மறுக்கப் போகிறார்களா என்று பார்க்கிற மாதிரி நாலு பக்கமும் பார்த்தாள். "பாஸாம் மிஸ்!"

சஞ்சீவனி கதவு வழியாகவே அவளைக் கட்டிப்பிடித்தாள். பாதையில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று விட்டாள். தான் இவ்வளவு சந்தோசப்பட்டுக் கன நாள் ஆகிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"ஏத்தத்துல ஏன் அவ்வளவு நேரம் நின்னீங்க? என் உசிரே போச்சு."

"சுவிட்ச அமத்தினேன். அந்த அதிகாரி மாத்தயா, வெக்கையா இருக்கே, ஏன் அமத்தினீங்க எண்டு சிங்களத்துல கேட்டார். கேட்டவருக்குப் பதில் செல்லாம எடுக்கிறது மரியாத இல்லதானே?"

"என்ன சொன்னீங்க?"

"எங்கட தாத்தா செல்லியிருக்கிறாங்க, ஏத்தத்துல ஏசி கூடாது எண்டு செல்லினேன்."

"எந்தத் தாத்தா?"

பாயிஸா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எனக்கு எத்தன தாத்தா ஈக்கிறாங்க? நீங்கதான்."

பன்னிரண்டு வயது மூத்தவள் தன்னை அக்கா என்கிறாள் என்பது சஞ்சீவனிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் கதவைத் திறந்து "தள்ளுங்க, வீட்டுக்குப் போவோம்" என்றாள்.

"எங்க தள்ளுறது? நீங்க அந்தப் பக்கம் வாங்க. நான் ஓட்டுறன். வத்தேகமவுக்கு."

"இப்பவா?"

"அவர் கடையில இருக்கிறார். கண்ணு சரியாத் தெரியாது. ஆனா இந்த வண்டிட சத்தம் தெரியும்தானே."

சஞ்சீவனி சுற்றிப் போய் இடப்பக்கம் ஏறினாள். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தபோது வெக்கை தாங்காமல் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினாள். பாயிஸா பாதையிலிருந்து கண் எடுக்காமலே அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"இப்ப வேணாம். கண்ணாடி தொறந்தே ஈக்கட்டும். எனக்குக் கொஞ்சம் கேக்கணும்."

"என்னத்தக் கேக்கணும்?"

"என்ன செல்லுறாங்க எண்டு."

பாலத்துக்கப்பால் முச்சக்கரவண்டித் தரிப்பிடம் ஒன்று வந்தது. யாரோ ஒரு பையன் "ஆன்ட்டி, பைய பைய!" என்று கத்தினான். பாயிஸா ஹோர்னை ஒருமுறை நீளமாக அழுத்தினாள், பதினொரு வருடத்தில் அந்த ஹோர்ன் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை.

"இவ்வளவு பாடுபட்டு ஏசி போட்டுக் கடைசில இதுதானா?" என்றாள் சஞ்சீவனி, கையால் விசிறிக்கொண்டு.

"கோவிக்காதீங்க தாத்தா" என்றாள் பாயிஸா, கியரை மாற்றியபடி. "மடவளையில எறக்கம் வரும். அதுல போடுவம்."